தலைமையகப் பட்டியலை நம்பி நிலத்தை விற்காதீர்கள்

ஐயா, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மனைவியோடும் மகளோடும் வந்தபோது, கடைசி பஸ் போய்விடும் என்று பாதியில் எழுந்துவிட்டீர்கள். பிள்ளையை எந்த ஊரில், எந்தப் படிப்பில் சேர்ப்பது என்ற அதே கேள்வியோடு இந்த வாரம் இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்துவிட்டன. அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மேசையில் நீங்கள் விரித்து வைத்த தாள் நினைவிருக்கிறது. உலகத்தில் எந்த நகரத்தில் எத்தனை பெரிய நிறுவனங்களுக்குத் தலைமையகம் இருக்கிறது என்ற பட்டியல். பெங்களூரில் இருக்கும் உங்கள் மைத்துனர் அனுப்பியது. மும்பையைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். தலைமையகம் இருக்கிற ஊரில் படித்தால்தான் பெரிய வேலை என்பது அவர் கட்சி. அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ.வும் எம்.பி.ஏ.வும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. கட்டணம் ஆண்டுக்கு நாலரை லட்சம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை லட்சம். இருக்கும் ஒன்பது மாவில் நான்கு மாவை விற்றுப் பாதி, வங்கிக் கடன் வாங்கிப் பாதி.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்தத் திட்டத்தில் எனக்குத் துளியும் சம்மதம் இல்லை.

முதலில் அந்தப் பட்டியல். இப்படிப்பட்ட பட்டியல்களில் பெயர்பெற்றது ஃபார்ச்சூன் குளோபல் 500. நிறுவனங்களை அது வருவாயை வைத்து வரிசைப்படுத்துகிறது. எத்தனை பேருக்கு வேலை கொடுக்கின்றன என்பதை வைத்து அல்ல. பெய்ஜிங் அதில் முன்னால் நிற்பதற்குப் பெரிய காரணம், சீன அரசுக்குச் சொந்தமான மின்தொகுப்பு, எண்ணெய், வங்கி நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் தலைநகரத்தில் இருப்பது. இந்தியாவிலிருந்து இடம்பெறுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெரும்பாலானவை மும்பையில் இருக்கின்றன. இது உண்மைதான். ஆனால் இந்தியன் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பதிவு அலுவலகம் மும்பை பாந்திராவில், நிர்வாகத் தலைமையகம் புதுதில்லியில். எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? அது பட்டியல் போடுகிறவரின் விருப்பம்.

அடுத்தது, தலைமையகத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. போயிங் விமான நிறுவனம் 2001-இல் தன் தலைமையகத்தைச் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாற்றியது. 2022-இல் அங்கிருந்து வர்ஜீனியாவின் ஆர்லிங்டனுக்கு. சிகாகோவில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். விமானம் கட்டுகிற பல்லாயிரம் பேர் இன்றும் சியாட்டிலைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். நம் பக்கத்திலேயே பாருங்கள். பெல் நிறுவனத்தின் தலைமையகம் தில்லி. கொதிகலன் செய்வது திருவெறும்பூரில். ஓ.என்.ஜி.சி.க்கும் தலைமை இடம் தில்லிதான். காவிரிப் படுகை வேலைகளை நடத்துவது காரைக்காலில். காக்னிசன்ட் 1994-இல் சென்னையில் பிறந்த நிறுவனம். பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே நியூஜெர்சியின் டீனெக் என்ற சிறிய ஊர் இருக்கும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளை அந்தப் பட்டியல் எண்ணுவதே இல்லை.

மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் நமக்கு மகிழ்ச்சிதான். அதற்காக நாற்றங்காலை அங்கே கொண்டுபோய் விடுகிறோமா? விளைவது இங்கே, மடைக்கு மடை தண்ணீர் வந்து சேர்கிற வயலில்.

தலைமையகம் நிலையானது என்றும் எண்ண வேண்டாம். தஞ்சாவூருக்கென்று ஒரு வங்கி இருந்தது. 1901-இல் தொடங்கிய அந்தத் தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கிக்குள் போய்விட்டது. உங்கள் மகள் படித்து முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் எந்த ஊர்ப் பெயர்ப் பலகை எங்கே மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது பணம். ஐந்து ஆண்டுக்கு முப்பது லட்சம். பாதியைக் கடனாக வாங்கினால், 15 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 19,800 ரூபாய். படிக்கிற காலத்து வட்டி இதில் சேரவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண், மும்பையில் வாடகை கொடுத்துக்கொண்டு, முதல் சம்பளத்திலிருந்து அதை எடுத்து வைக்க வேண்டும். முடியாத மாதத்தில் தவணை உங்களிடம் வரும். அப்போது உங்களிடம் ஐந்து மாதான் மிச்சம் இருக்கும். குறுவைக்கு விதையும் உரமும் வாங்க நகையை அடகு வைத்துவிட்டு வந்தேன் என்று நீங்களே சொன்னீர்கள். அந்தக் கையால் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் நான் இளகப் போவதில்லை.

மைத்துனர் மனம் நோகும் என்று மகளின் அம்மா தயங்கினார். மைத்துனரின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாய்மாமன் சீர் கொண்டுவரட்டும், சபையில் முன்னால் நிற்கட்டும். படிப்பு எது என்று சொல்ல வேண்டியவள் அந்தப் பெண். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பெரியவர்கள் நாமே பேசினோம். அவளை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

ஆனால் நான் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மைத்துனரின் தாளை நீங்கள் ஒரு பழைய உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தீர்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த உறை. தாத்தா வாங்கி வைத்த சில பங்குகளுக்காக வந்த ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு அதற்குள்ளேயே இருந்தது. பட்டியலை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அறிவிப்பை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “கூட்டத்துக்கு 21 நாள் முன்னாலேயே ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் குழுவில் முதல் நாள் சொன்னால் போதுமே?”

எந்தக் குழு என்று கேட்டேன். அம்மா செயலாளராக இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள்தான் எழுதி வருகிறாளாம். வந்தவர்கள் பெயர், தீர்மான எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கடைசியில் கையெழுத்துகள். ஒருமுறை ஒருவர் வராமலேயே அடுத்த நாள் கையெழுத்துப் போட வந்தபோது புத்தகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டாள் என்று அம்மா குறையாகச் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்தக் குணத்துக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது.

கம்பெனி செகரட்டரி. தமிழில் நிறுவனச் செயலர். தட்டச்சு செய்து கடிதம் அனுப்புகிற செகரட்டரி என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள்; அதை முதலிலேயே திருத்திவிடுங்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 203-ஆவது பிரிவும் அதன் விதிகளும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள மற்ற நிறுவனங்களும் முழுநேரச் செயலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அந்த இடம் காலியானால் இந்தச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் நிரப்பியாக வேண்டும். மும்பைப் பங்குச் சந்தையில் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் இருக்கின்றன. தலைமையகத்தில்தான் உட்கார வேண்டும் என்று மைத்துனர் ஆசைப்படுகிறாரே, அங்கே சட்டமே ஒதுக்கி வைத்திருக்கும் நாற்காலி இது.

என்ன வேலை? இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளைத் தாண்டக் கூடாது. அறிவிப்பு ஏழு நாள் முன்னால். நடந்ததை 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். சந்தை நேரத்தில் கூட்டம் முடிந்தால், முக்கிய முடிவுகளை 30 நிமிடத்துக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்பு. உங்கள் மகள் கேட்டாளே, அதற்குப் பதில் இதுதான்: எங்கோ கிராமத்தில் இருக்கும் சிறு பங்குதாரரும் கணக்கைப் படித்து, யோசித்து, வாக்களிக்க நேரம் வேண்டும். உங்கள் பாட்டிக்காகப் போட்ட விதி அது. இவை அத்தனைக்கும் பொறுப்பு செயலருக்கு. தேதி தவறினால் அபராதம்; வராதவர் வந்ததாக எழுதினால் அதைவிடப் பெரிய வம்பு.

பாட்டியின் உறையில் இருந்த அந்த அறிவிப்பில் நிறுவனத்தின் அடையாள எண் 21 எழுத்தும் இலக்கமுமாக அச்சாகியிருக்கும். அவளோடு உட்கார்ந்து பாருங்கள். முதலில் ‘எல்’, பங்குச் சந்தையில் இருக்கிறது என்று பொருள். தொழிலைக் குறிக்கும் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ‘டி.என்.’, தமிழ்நாடு. அதையடுத்து 1904, பதிவான ஆண்டு. கும்பகோணம் வங்கி என்று தொடங்கி, 1987 முதல் சிட்டி யூனியன் வங்கி என்று பெயர் கொண்டிருக்கும் நிறுவனம். நாடு முழுக்கக் கிளைகள். தலைமையகம் கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவில். மைத்துனர் அனுப்பிய உலகப் பட்டியலில் கும்பகோணம் கிடையாது. ஆனால் நீங்கள் பஸ் ஏறி வந்த ஊரில் 120 ஆண்டைத் தாண்டிய ஒரு தலைமையகம் இருக்கிறது. கரூரில் 1916-இலிருந்து கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921-இலிருந்து தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

வயல்காட்டுக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று சொல்கிறேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று நெல்லுக்கும் தென்னைக்கும் நம் பக்கம் பல இருக்கின்றன. நீங்களும் ஒன்றில் பங்கு வாங்கியிருக்கலாம். அவையும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளில் சராசரி விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் அங்கும் முழுநேரச் செயலர் கட்டாயம். சிறியவையும் ஆண்டுக் கணக்கையும் அறிக்கையையும் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். எழுதித் தர ஆளில்லாமல் உழவர்களின் பங்குப் பணம் இந்த அபராதத்தில் கரைவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தனியாக அலுவலகம் போட்டு இந்த வேலையைச் செய்து கொடுக்கும் செயலர்களுக்கு டெல்டாவில் தேவை இருக்கிறது.

படிப்பை நடத்துவது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய நிறுவனச் செயலர்கள் கழகம், சுருக்கமாக ஐ.சி.எஸ்.ஐ. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சி.எஸ்.இ.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு. அடுத்து எக்ஸிகியூட்டிவ், அதற்கடுத்து புரொஃபஷனல் என்று இரண்டு நிலைகள்; இப்போதைய பாடத்திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏழு தாள்கள், இரண்டு தொகுதிகளாக, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. இதோடு 21 மாத நேரடிப் பயிற்சி. கழகத்துக்குக் கட்டுவதையெல்லாம் கூட்டினாலும் ஒரு லட்சத்தைத் தொடாது. கூடவே கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். படிக்கட்டும். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று ஆண்டுக்கு 36,000. எக்ஸிகியூட்டிவ் கட்டணத்துக்கு அதுவே போதும்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், தொகுதியில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும். முதல் முயற்சியில் தவறுகிறவர்கள் ஏராளம். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு முதல் ஆண்டு மூச்சு முட்டும். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தைப் படித்து, அரைப் பக்கம் எழுதிப் பழக வேண்டும். பயிற்சிக்குச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டிவரலாம். அப்போது அவளைத் தடுக்காதீர்கள். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மும்பைக்குப் போக விரும்பினாலும் சந்தோஷமாக வழியனுப்புங்கள். அன்றைக்குச் சம்பளம் வாங்கப் போவாள், கட்டணம் கட்ட அல்ல.

பொறியியல் கலந்தாய்வு, அரசுப் பணித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் தொடவில்லை. இதுவும் வேண்டாம் என்று அவள் சொன்னால், வேறு வழி தேடுவோம். ஆனால் அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

இடத்தை உறுதி செய்ய ஐம்பதாயிரம் முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். நிலத்தரகரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகளை அழைத்து வாருங்கள். பாட்டியின் உறையையும் அந்தத் தீர்மானப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். இந்த முறை முதலில் அவள் பேசட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம்.