இதில் நடை எங்கே? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பள்ளத்தூரில் வசிக்கிறேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். விடியற்காலையில் ஊருணிக் கரை, கண்மாய்க் கரை என்று நடப்பது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்தில் வெளியாகும் நடைப்பயண மாத இதழ் ஒன்று வெளியாரின் கட்டுரைகளையும் ஏற்றுக்கொண்டு சன்மானம் தருகிறது என்று அங்கே இருக்கும் என் மகள் சொன்னாள். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப்பூச்சு என எல்லாவற்றையும் விளக்கி, செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அனுப்பினேன். ஆசிரியர் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். சுவையாக இருக்கிறது, ஆனால் இதில் நடை எங்கே என்று கேட்டிருந்தார். வேறொன்று எழுதினால் பார்ப்பதாகவும், ஏற்றுக்கொண்டால் எல்லா உரிமைகளும் இதழுக்கே என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது, கையெழுத்திடலாமா என்று தாங்கள் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி, பள்ளத்தூர்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். அந்த ஆசிரியர் கேட்டதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தம் வாசகர் யார் என்பதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். பொதுவான பயண இதழைப் படிப்பவர் நாற்காலியில் இருந்தபடியே ஊரைப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். நடைப்பயண இதழை வாங்குகிறவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர். அதனால்தான் பிரிட்டிஷ் நடை இதழ்களில் கட்டுரையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எத்தனை மைல், எவ்வளவு ஏற்றம், எந்த எண் வரைபடம், எந்தப் பேருந்து, எங்கே தேநீர் என்று கொடுத்திருப்பார்கள். அந்நாட்டு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் வயலுக்கு நடுவே போகும் பொதுப் பாதைகூடப் பச்சைக் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை சட்டப்படி எல்லோருக்கும் உண்டு. நம்மிடம் உள்ள சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் வண்டித்தடம் இருக்கும், ஆனால் அதில் யார் நடக்கலாம் என்பது இருக்காது. ஆகவே இங்கிருந்து எழுதுகிறவரின் சொற்கள்தாம் அந்த வரைபடத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். உங்களை நம்பி ஒருவர் நடப்பார் என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. மற்றவை அதிலிருந்து வருபவை.

தேக்கையும் பளிங்கையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், காரில் வந்து இறங்குகிறவருக்கும் அவை கிடைக்கும். நீங்கள் விடியலில் நடந்து பார்ப்பது காரில் வருகிறவருக்குக் கிடைக்காது. ஒரு கண்மாய்க் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால், மிகுநீர், கரையில் கல்லால் கட்டிய வழிந்தோடியான கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கரைமேல் நடந்து வருகிறவரின் பாதை அந்த இடத்தில் அறுபட்டுவிடும். பங்குனி, சித்திரையில் அதே கலுங்குக் கற்கள் காய்ந்து கிடக்கும், செருப்பு நனையாமல் கடந்துவிடலாம், கண்மாய்க்குள்ளேயே இறங்கிக் குறுக்கே நடந்துவிடவும் முடியும். 'கரையோடு போய்க் கலுங்கைக் கடக்கவும்' என்று மாதம் சொல்லாமல் எழுதினால், அந்த வரி ஆண்டில் சில மாதங்களுக்குப் பொய்யாகிவிடும். மறுகால் பாயும் நாட்களில் எந்த மடைக்குப் பக்கத்தில் இறங்கி, எந்த வரப்பில் போய், எங்கே மீண்டும் கரை ஏறுவது, எங்கே சீமைக்கருவேலம் வழியை அடைத்திருக்கிறது என்பதை நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவரிடம் வழி கேட்டால், "அந்தா தெரியுது பாருங்க அய்யனார் கோயில், கூப்பிடு தூரந்தான் ஆச்சி" என்பார். அவர் நடைக்கு அது சரி. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, 25 நிமிடம் ஆனால் 25 நிமிடம் என்றே எழுதுங்கள்.

இந்த வகை எழுத்து நமக்குப் புதிதன்று. போய்ப் பரிசில் பெற்று வந்தவன் இனிப் போகிறவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை நூல்கள் நம்மிடம் உண்டு. அவற்றுள் மலைபடுகடாம் நன்னன் என்ற மன்னனுடைய மலையின் அழகை மட்டும் பாடிவிட்டு நிற்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு உறையும் குழி இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் வரும் என்று நடக்கிற கூத்தருக்கு இடம் இடமாக எச்சரிக்கிறது. அழகும் எச்சரிக்கையும் ஒரே வாக்கியத்தில் வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. நடை இதழுக்கு எழுத உட்காரும்போது அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள் என்றே சொல்வேன்.

வீடுகளை அறவே விட்டுவிட வேண்டியதில்லை. நடக்கிறவர் கண்ணுக்கு அவை எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். கானாடுகாத்தானில் பல வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கின்றன. இரண்டு தெருக்களையும் இணைக்கும் சந்தில் நடந்தால் ஒரே வீட்டின் பக்கச்சுவர் முடியும் வரை கூடவே வரும். உள்ளே முகப்பு எங்கே முடிகிறது, நடு முற்றம் உள்ள வளவு எங்கே திறக்கிறது, இரண்டாங்கட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கூரை ஓடுகளின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே வெளியிலிருந்து ஓரளவு சொல்லிவிடலாம். ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, தெரு வடிகாலுக்கு வந்து, ஊருணிக்குப் போகும்படி இந்த ஊர்களை வகுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் தொடங்கி, அந்த நீர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே ஊருணிப் படித்துறை வரை நடப்பது என்று ஒரு கட்டுரை எழுதினால், வீடும் வரும், ஊரும் வரும், ஆசிரியர் கேட்ட நடையும் வரும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நிலத்தின் மேல் யாருக்கு உரிமை என்பதை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். நமக்குப் பழகிய ஒற்றையடிப் பாதை ஒருவருடைய பட்டா நிலத்தில் போகலாம். உள்ளூர்க்காரர் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், இதழைப் பார்த்துவிட்டு அயலூரார் வரிசையாக வந்தால் நிலைமை வேறு. வண்டிப்பாதைப் புறம்போக்கா, பட்டாவா என்பதை வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்திலும் பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். அய்யனார் கோயில் காடுகளில் செருப்போடு போகக்கூடாத இடங்கள் உண்டு, பெண்கள் போகாத இடங்களும் சில ஊர்களில் உண்டு. அவற்றைக் கேட்டு எழுதுவது வாசகருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

நேரக் கணக்கை அவர்களுக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும். 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பழக்கம். நம் சரளை மண் பூமியில் குன்றக்குடிப் படிக்கட்டைத் தவிர ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. இங்கே நடையை நிர்ணயிப்பது வெயில். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு நிழலுக்குள் வந்துவிட வேண்டும், குடிநீர் எங்கே கிடைக்கும் என்பவற்றைக் கட்டத்திலேயே போடச் சொல்லுங்கள்.

இதழ்கள் பருவக் கட்டுரைகளைப் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டுவிடும், படமும் அப்போதே கைக்கு வந்தாக வேண்டும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் யாத்திரையைப் பற்றி எழுத ஆசைப்பட்டால், வருகிற தையில் நடந்து படம் எடுத்து, ஆடி, ஆவணிக்குள் ஆசிரியருக்கு எழுதி, அதற்கடுத்த தையில் அச்சில் பார்க்கலாம். வேட்டங்குடிக்கும் இதே கணக்குதான். 1977-இல் சரணாலயமான அந்தக் கண்மாய்களுக்கு மழைக்குப் பிறகு பறவைகள் வரும். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே நடப்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று நீங்கள் எழுதும்போது, காரணம் சொல்ல இந்த ஒரு செய்தி போதும்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நடை எழுத்துக்கு அணி அலங்காரம் தேவைப்படாது. கோட்டையூரில் பிறந்து உலகத்தைச் சுற்றியவரும், குமரி மலரை நடத்தியவருமான ஏ. கே. செட்டியாரை நீங்கள் படித்திருப்பீர்கள். தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, பார்த்த மனிதரையும் பொருளையும் சின்னச் சின்ன வாக்கியங்களில் முன்னால் வைப்பவர். உங்கள் பக்கத்து ஊர்க்காரர் காட்டிய வழியே உங்களுக்குப் போதும்.

அனுப்பும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். முழுக் கட்டுரையை எழுதி அனுப்பாமல், அரைப் பக்கத்தில் ஒரு முன்மொழிவுக் கடிதம் எழுதுங்கள்: எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எந்த மாதம், எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, ஏன் இப்போது, எத்தனை சொல், படம் உண்டா. காரைக்குடி சந்திப்பிலிருந்து திருச்சி மார்க்கத்தில் கோட்டையூர், செட்டிநாடு என்று நிலையங்கள் இருப்பது நமக்கு அனுகூலம். ரயிலில் வந்து இறங்கி நடந்து இன்னொரு நிலையத்தில் ரயிலேறும் நடையை அந்நாட்டு வாசகர்கள் மிகவும் விரும்புவார்கள். ஆசிரியர் சரி என்ற பிறகு, சன்மானம் சொல்லுக்கா, பக்கத்துக்கா, படத்துக்குத் தனியா, ஏற்றுக்கொண்டதும் தருவார்களா, அச்சான பிறகா, எழுதச் சொல்லிவிட்டுப் போடாமல் விட்டால் ஈடு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அங்கே எல்லோரும் கேட்பார்கள்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஊழியராக இல்லாமல் தனியே எழுதுகிறவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் வெளிநாட்டு இதழின் ஒப்பந்தத்தில் அவர்கள் நாட்டுச் சட்டமே செல்லும் என்று ஒரு விதி இருக்கலாம், ஆகவே நம் சட்டத்தை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். எல்லா உரிமைகளும் என்பதற்குப் பதிலாக, ஆங்கிலத்தில் முதல்முறை வெளியிடும் உரிமையும், இதழின் இணையப் பதிப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையும் மட்டும் தருவதாகக் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால், தமிழில் எழுதி வெளியிடும் உரிமை உங்களிடமே இருக்கும் என்ற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாதைகளில் தினமும் நடக்கிறவர்கள் நாளைக்கு இதைத் தமிழில் படிக்க வேண்டும். படங்களில் முகம் தெரிகிறவர்களிடம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரி சேர்ந்த ஒப்பந்தம் கைக்கு வரும்வரை முழு அளவுப் படங்களை அனுப்பாமல், சிறிதாக்கிய பிரதிகளை மட்டும் பார்வைக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
காரைக்குடி