மாதம் 6,500 ரூபாய் டாக்கோவுக்கும் ஆர்டருக்கும் போகிறது, என்ன செய்வது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் வேலை, கம்பெனி பஸ் வந்து சேர இரவு ஏழரை ஆகிவிடும். நான் தனியார் பள்ளியில் டீச்சர். இருவர் சம்பளமும் சேர்ந்து 62,000. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. பெங்களூரில் ஒருமுறை டாக்கோ (உள்ளே பீன்ஸோ கறியோ வைத்து மடித்த மெக்சிகோ ரொட்டி) சாப்பிட்டதிலிருந்து பிள்ளைகளுக்கு அதே நினைப்பு. வாரத்தில் மூன்று நாள் டாக்கோ, ராப் என்று ஆர்டர் போட்டு மாதம் 6,500 வரை போகிறது. எல்லாம் கிரெடிட் கார்டில்தான். அதில் 18,000 பாக்கி நிற்கிறது, மினிமம் மட்டும் கட்டுகிறேன். வீட்டில் செய்யலாம் என்று பாக்கெட் ஷெல், சாஸ், சீஸ் வாங்கினால் அதுவே ஒரு வேளைக்கு 500 தாண்டுகிறது. மிச்சம் பிடித்தால் எதில் போடுவது?

பதில்: முதலில் அந்த 18,000-ஐப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் அதுதான். பெரும்பாலான கார்டுகளில் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி, அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதாவது மாதம் 700 ரூபாய்க்கு மேல் ஒன்றுமே வாங்காமல் போகிறது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது: பாக்கி நிற்கிற வரை புதிதாகத் தேய்க்கிற ரூபாய்க்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். நேற்று ராத்திரி வந்த டாக்கோவுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறீர்கள். அதனால் இன்றைக்கே ஆர்டர் ஆப்பிலிருந்து அந்தக் கார்டை எடுத்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் காசில் வாங்குங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பிள்ளைகளின் ஆசையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய் வந்து ஏழரை மணிக்கு அடுப்படியில் எதுவும் தயாராக இல்லாதபோது போனைத்தான் கை தேடும், அது உங்கள் தப்பில்லை. அந்த ஏழரை மணிக்கு பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாக்கெட் பொருட்களை விட்டுவிடுங்கள். மெக்சிகோவில் டாக்கோ சாதாரணத் தெருவோரச் சாப்பாடு. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டிய மெத்தென்ற ரொட்டி, உள்ளே பீன்ஸோ கறியோ, மேலே பச்சையாக நறுக்கிய தக்காளி வெங்காயம், எலுமிச்சை. மொறுமொறு ஷெல் பாக்கெட் அமெரிக்காவில் பரவிய பழக்கம். உங்கள் ஊரில் ராகி இருக்கும்போது அதற்கு 200 ரூபாய் எதற்கு? ராகி மாவும் கோதுமை மாவும் சரிபாதி, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், நல்ல சூடான தண்ணீர் ஊற்றிப் பிசையுங்கள். தனி ராகியில் மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் இல்லாததால் மடிக்கும்போது நடுவில் விரிசல் விடும், கோதுமை சேர்த்தால் விடாது. உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துச் சுட்டு, கல்லிலிருந்து எடுத்ததும் துணியில் சுற்றி மூடி வையுங்கள், அந்த ஆவியிலேயே மெத்தென்று ஆகிவிடும். கால்சியம் விஷயத்தில் ராகியை எந்த அரிசியும் நெருங்காது, வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய லாபம். (தர்மபுரி மாவட்டத்து வாசகர்களுக்கு: உங்கள் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரும் திட்டம் 2023-லேயே தொடங்கியது, கேட்டு வாங்குங்கள்.)

உள்ளே வைக்க ராஜ்மா, காராமணி, மார்கழி தை மாதங்களில் பச்சை மொச்சை, எது மலிவோ அது. சனிக்கிழமை ராத்திரி அரைக் கிலோ ஊறவைத்து, ஞாயிறு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வயிற்றைப் புரட்டும், நசுக்கினால் மாவாக வேண்டும். மூன்று டப்பாவில் பிரித்து ஒன்றை ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில், இரண்டை ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கிற அன்று வெங்காயம், பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள் வதக்கி, ஒரு டப்பாவைக் கொட்டி கரண்டியால் பாதி மசித்தால் பத்து நிமிடத்தில் முடிந்தது. தக்காளி உழவர் சந்தையில் வாங்குங்கள், ராயக்கோட்டை பக்கம் விளைச்சல் கொட்டுகிற நாட்களில் விவசாயிக்குப் பறிக்கிற கூலிகூட கிடைக்காமல் போகிறது, அப்போது நாலு கிலோ சேர்த்து வாங்கி, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுச் சுண்ட வைத்தால் ஒரு வாரத்துக்கு சாஸ் வாங்க வேண்டியதில்லை. சீஸுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் உப்பும் ஒரு பல் பூண்டும். நறுக்கின முட்டைக்கோஸ், கொத்தமல்லி, எலுமிச்சை. பச்சையாக வைக்கிற தக்காளிக்கு உப்பை சாப்பிடும்போதுதான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டு ரொட்டி ஊறிப்போகும். மகனை ரொட்டி தேய்க்கச் சொல்லுங்கள், மகள் தானே அடுக்கிக்கொள்வாள். தானே மடித்த டாக்கோவைப் பிள்ளைகள் மிச்சம் வைப்பது அபூர்வம்.

நாலு பேருக்கு இது 150 ரூபாய்க்குள் அடங்கும். ஒருநாள் முட்டைப் பொரியல் வைத்தாலும் செலவு பெரிதாக ஏறாது, கால் கிலோ சிக்கன் போடுகிற அன்றைக்கு மட்டும் இருநூறைத் தாண்டும். மாதம் 13 ஆர்டர் என்றால் இப்போது ஒன்றுக்கு 500 ஆகிறது. அதில் இரண்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் அலுத்துப்போன ஒருநாள் வரும், அதற்கு 1,000. மீதி 11 வேளைக்கு வீட்டுச் செலவு 1,650. ஆக, மிஞ்சுவது 3,850, சிக்கனுக்குக் கொஞ்சம் விட்டு 3,700 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 3,700-ஐ மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெட்ரோலிலும் புத்தகத்திலும் கரைந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே கார்டுக்குக் கட்டிவிடுங்கள். புதிதாகத் தேய்க்காமல் இருந்தால் ஆறு மாதத்தில் 18,000 வட்டியோடு தீர்ந்துவிடும். அதுவரை சேமிப்பு எதுவும் தொடங்க வேண்டாம், வருடத்துக்கு 40 சதவீதம் கேட்கிற கடனை வைத்துக்கொண்டு ஏழு எட்டு சதவீதத்துக்குச் சேர்ப்பது நஷ்டம்தான்.

அதற்கப்புறம் இரண்டாகப் பிரியுங்கள். மகளுக்கு தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு, மாதம் 1,900. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதைய வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். மகனுக்கு அங்கேயே 5 வருட ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை போடுகிற தொடர் வைப்பு), மாதம் 1,800. 6.7 சதவீத வட்டியில் நீங்கள் போடும் 1,08,000 ரூபாய் சுமார் 1,28,000 ஆகி, அவன் ப்ளஸ் டூ படிக்கிற சமயத்தில் கைக்கு வரும், கல்லூரி அட்மிஷனுக்கு ஆகும்.

தபால் நிலையத்துக்குப் போவதற்கு முன் கார்டு ஸ்டேட்மென்ட்டில் பாக்கி பூஜ்யம் என்று வந்துவிட்டதா பாருங்கள், கடைசியாகக் கட்டியபின் மிஞ்சிய வட்டி அடுத்த மாதம் சின்னத் தொகையாக வரலாம், அதையும் கட்டிவிடுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இரண்டு கணக்கையும் ஒரே நடையில் முடித்துவிடலாம்.