லவ்பேர்ட் குஞ்சுக்கு தீனிப்பை காலியாகவில்லை

வணக்கம் தம்பி. மூன்று வாரக் குஞ்சு, ராத்திரி ஊட்டிய கூழ் காலையிலும் தீனிப்பையில் (கழுத்தடியில் தீனி தங்கும் பை) அப்படியே நிற்கிறது, வாயும் திறக்கவில்லை என்கிறீர்கள். முதலில் மேலே மேலே ஊட்டுவதை நிறுத்துங்கள். பழைய கூழ் உள்ளே புளித்துவிடும்.

எனக்கு குளிர்தான் காரணம் என்று படுகிறது. சுங்கை சிப்புட்டில் மழை ராத்திரிகளில் பலகை வீடு சில்லென்று ஆகிவிடும். இறகு முழுதாக முளைக்காத குஞ்சுக்கு அது தாங்காது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்து, உள்ளே 30 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் பாருங்கள். சூடு கூடினால் குஞ்சே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

கூழ் 39 முதல் 41 பாகைக்குள் இருக்க வேண்டும். ஆறினால் குஞ்சு மறுக்கும், 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். விரல் வைத்துப் பார்ப்பதெல்லாம் சரிவராது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கரையுங்கள். பாட்டி சொன்ன டின் பால் வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது.

தீனிப்பையைத் தொட்டால் மாவு மாதிரி கெட்டியாக இருக்கிறதா, புளிப்பு வாடை வருகிறதா? அப்படியென்றால் இன்றைக்கே ஈப்போவில் பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கழுத்தைப் பிதுக்கி வெளியே எடுக்க மட்டும் முயலாதீர்கள், மூச்சுக்குழலில் ஏறிவிடும்.