தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் எட்டு மாதமாகியும் நான் பேசும் தாய்லாந்து மொழி புரியவில்லை என்கிறார்களே?

ஆசிரியரை மாற்ற வேண்டாம். புதிய சொற்களை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, தெரிந்த சொற்களின் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் திருத்துங்கள். சொற்கள் ஏராளமாகத் தெரிந்தும் சந்தையில் அரிசி கேட்டால் விழிக்கிறார்கள் என்றால், குறை சொல்வளத்தில் இல்லை. ஊழியத்துக்கே தகுதியில்லையோ என்று நீங்கள் எழுதியதைப் படித்து வருந்தினேன். காது பழகாததை ஊழியத்துக்கான அழைப்போடு சேர்த்து எடைபோடாதீர்கள்.

சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். பெரும்பாலும் அதுவே காரணம். தாய்லாந்து மொழியின் 5 தொனிகளில் ஒன்றுகூட நம் எழுத்தில் பதிவாவதில்லை. 'மா' என்பது அங்கே சமதொனியில் 'வா', உயர்தொனியில் 'குதிரை', ஏறுதொனியில் 'நாய்'. மேலும், கேள்வி கேட்கும்போது நாம் வாக்கியத்தின் முடிவை இயல்பாகவே உயர்த்துகிறோம். அங்கே அப்படி உயர்த்தினால் கடைசிச் சொல்லே வேறாகிவிடக்கூடும். குறில், நெடில் வேறுபாடு நமக்குப் பழக்கமானது என்பதால் அந்தப் பாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் மூச்சோடு ஒலிக்கும் 'ப'வையும் மூச்சின்றி ஒலிக்கும் 'ப'வையும் தனியே பழக வேண்டும்.

ஒரு சோதனை: குதிரை, நாய், கையசைத்து அழைப்பவர் என மூன்று படங்களை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, 'மா'வை மூன்று தொனிகளிலும் மாற்றி மாற்றி 10 முறை சொல்லி, கேட்டதைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தவறினால் காரணம் உறுதி; அன்றே குறிப்பேட்டைத் தாய்லாந்து எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சியாங் மாயின் முதியவர்கள் தங்களுக்குள் 'கம் முவாங்' என்ற வடக்கு மொழியைப் பேசுகிறார்கள். அதன் தொனிகள் வேறு. ஆகவே இச்சோதனையைப் பாங்காக் வழக்கில், அதாவது பொதுத் தாய்லாந்து மொழியில் பேசும் ஒருவரிடமே செய்யுங்கள்.