பக்கத்துல இருந்தவன் கிளிக் பண்ண ரிசல்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகனுக்கு 13 வயசு, ஃபார்ம் ஒன் (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்), ஜெலுத்தோங் பக்கம் சாதாரண ஸ்கூல்லதான் படிக்கிறான். ரெண்டு கண்ணுலயும் பார்வை ரொம்ப கம்மி, ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கு. தமிழ்ப்பள்ளில டீச்சருங்க முன்னாடி உட்கார வெச்சு பாத்துக்கிட்டாங்க, இங்க அப்படி இல்ல. போன மாசம் கவுன்சலிங் ரூம்ல என்ன வேலை பிடிக்கும்னு கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட் குடுத்தாங்களாம், எழுத்து பொடியா இருந்ததால பக்கத்துல இருந்த கூட்டாளியே படிச்சு கிளிக் பண்ணி முடிச்சுட்டான். மெக்கானிக் மாதிரி கைவேலைதான் ஒத்து வரும்னு ரிசல்ட் வந்திருக்கு. டீச்சர்கிட்ட கேட்டா, இப்ப என்னம்மா அவசரம், ஃபார்ம் ஃபைவ் முடிவுல எஸ்பிஎம் பரீட்சை வரட்டும்ங்கிறாங்க. என் மாமியார், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல மசாஜ் கத்துக்க அனுப்பிடலாம்ங்கிறாங்க. அவன் வாயே தொறக்க மாட்டேங்கிறான். இந்த வயசுலயே வேலை காலேஜ்னு நான் யோசிக்கிறது தப்பா அக்கா?

ஒரு வாசகி, பினாங்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

தப்பே இல்ல. உங்க கடிதத்த என் ஃபோன் படிச்சு காட்ட காட்ட எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா எனக்கும் பார்வை பிரச்சினைதான், அந்த கவுன்சலிங் ரூம்ல நானும் உட்கார்ந்திருக்கேன், வேற ஸ்கூல், வேற வருஷம், அவ்ளோதான்.

முதல்ல அந்த ரிசல்ட். அது உங்க மகனோட ரிசல்ட் இல்லம்மா. கூட்டாளி நல்ல மனசோடதான் செஞ்சிருப்பான், அவன குத்தம் சொல்ல முடியாது, ஆனா கேள்விய படிச்சது அவன், பதில் சொன்னதும் அவன். அந்த பேப்பர் ஃபைல்ல போயி உட்கார்ந்துச்சுன்னா ஃபார்ம் ஃபோர்ல பாடம் பிரிக்கிறப்போ யாராச்சும் அத எடுத்து பாத்து, இந்த பையனுக்கு இதுதான் ஆர்வம்னு முடிவு பண்ணிருவாங்க. நாளைக்கே போயி டெஸ்ட்ட திரும்ப எடுக்கணும்னு கேளுங்க, எழுத்த பெருசாக்கி, இல்லன்னா ஒரு டீச்சர் தனியா உட்கார்ந்து வாசிச்சு இவன் சொல்ற பதில மட்டும் போடணும். வாயால கேட்டா மறந்துருவாங்க, லெட்டரா எழுதி குடுத்து ஒரு காப்பி கையில வெச்சுக்குங்க.

எஸ்பிஎம் வரட்டும்னு சொல்றாங்கல்ல, அதுக்கு என் கதைய சொல்றேன். எனக்கு 14 வயசு இருக்கும், மேத்ஸ்ல கிராஃப் வந்தாலே டீச்சர் என்னை லைப்ரரிக்கு அனுப்பிருவாங்க, பாவம் உனக்கு கண்ணு தெரியாது நீ போயி ரெஸ்ட் எடுன்னு. எனக்கும் அப்ப சந்தோஷம்தான், வீட்லயும் டீச்சர் எவ்ளோ நல்லவங்கன்னு சொன்னாங்க. எஸ்பிஎம்ல மேத்ஸ் போச்சு. டிப்ளோமாவுக்கு அப்ளை பண்றப்பதான் தெரிஞ்சுது, நான் கேட்ட கோர்ஸ் எல்லாத்துக்கும் மேத்ஸ் பாஸ் வேணுமாம். திரும்ப தனியா படிச்சு எழுதி பாஸ் பண்ண ரெண்டு வருஷம் ஆச்சு, கூட படிச்சவங்க எல்லாம் அதுக்குள்ள வேலைக்கே போயிட்டாங்க. அந்த ரெண்டு வருஷம் போனது எஸ்பிஎம் பரீட்சை ஹால்ல இல்ல, அந்த லைப்ரரி நாற்காலிலதான் போச்சு. உங்க மகனையும் எந்த பாடத்துல இருந்தாவது இரக்கப்பட்டு எழுப்பி வெளிய அனுப்புறாங்களான்னு கேட்டு பாருங்க.

இன்னொன்னு, எஸ்பிஎம் சர்டிபிகேட்டே கையில கிடைக்கணும்னா பிஎம்மும் (மலாய் மொழி) செஜாராவும் (வரலாறு) கண்டிப்பா பாஸ் ஆகணும், 2013ல இருந்து செஜாராவும் அதுல சேர்ந்துருச்சு. செஜாரா புத்தகம் எவ்ளோ தடின்னு உங்களுக்கே தெரியும், பார்வை கம்மியான பிள்ளை அத கண்ண இடுக்கி இடுக்கி படிச்சா ரெண்டு பக்கத்துல தலைவலி வந்துரும், அப்புறம் பிள்ளை சோம்பேறின்னு பேரு. பரீட்சைல ஓகேயு பிள்ளைங்களுக்கு கூடுதல் நேரம், பெரிய எழுத்து கேள்வித்தாள், பிரெய்ல் எல்லாம் கேட்டு வாங்கலாம், ஆனா இதெல்லாம் ஃபார்ம் ஃபைவ்ல திடீர்னு கைல குடுத்தா பிள்ளைக்கு யூஸ் பண்ண தெரியாது. கூடுதல் நேரத்த எப்படி பிரிச்சுக்கிறது, எந்த சைஸ் எழுத்து தனக்கு சரியா வரும், இதெல்லாம் இப்பவே கிளாஸ் டெஸ்ட்ல பழகணும்.

அமெரிக்காவுல மாற்றுத்திறனாளி பிள்ளைங்க படிப்புக்கு ஐடியான்னு (IDEA) ஒரு சட்டம், ஸ்கூல் முடிச்ச பிறகு பிள்ளை என்ன செய்யப் போகுதுங்கற திட்டத்த 16 வயசுக்குள்ள எழுதி வெச்சே ஆகணும்னு சொல்லுது, பல மாநிலங்கள்ல 14லயே ஆரம்பிச்சுர்றாங்க, அந்த மீட்டிங்ல பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைக்கணும். இங்க ஸ்பெஷல் எஜுகேஷன்ல ஆர்பிஐன்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா திட்டம் போடுறாங்க, உங்க மகன் அதுல பதிஞ்சிருக்கானான்னு விசாரிங்க, பதிஞ்சிருந்தா அடுத்த மீட்டிங்குக்கு அவனையும் கூட்டிட்டு போங்க. அந்த பிள்ளைங்களுக்கு குடுக்கற மாசம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸும் வருதான்னு அப்படியே கேட்டுருங்க. 2008ல வந்த ஓகேயு சட்டத்துல படிப்புக்கு 28, வேலைக்கு 29னு பிரிவே இருக்கு. மீறினா தண்டனைன்னு அதுல ஒண்ணும் கிடையாது, அது எனக்கு பெரிய வருத்தம், ஆனாலும் லெட்டர்ல அந்த நம்பர எழுதுங்க, படிக்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாங்க.

உங்க மாமியார் மேல கோபப்படாதீங்க. பிரிக்பீல்ட்ஸ்ல பார்வை இல்லாதவங்க மசாஜ் பண்ணி வீடு வாங்கி பிள்ளைங்கள படிக்க வெச்சிருக்காங்க, அந்த வேலைய யாரும் குறைவா பேசுனா நான் சும்மா விட மாட்டேன். நாளைக்கு உங்க மகனே அத ஆசப்பட்டு கேட்டா தாராளமா அனுப்புங்க. 13 வயசுல மத்தவங்க அவனுக்காக கிளிக் பண்ணக் கூடாதுங்கறதுதான் என் பேச்சு. நம்ம பினாங்கு பாயான் லெப்பாஸ்ல 1972ல இருந்து ஃபேக்டரிங்க இருக்கு, அங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து செய்யற வேலை எத்தன வகை இருக்குன்னு அவனுக்கு யாரும் காட்டவே இல்லையே. அரசாங்க வேலைல 1 சதவீதம் ஓகேயுவுக்குன்னு கொள்கை இருக்குன்னு அவன் காதுல யாராச்சும் போட்டிருப்பாங்களா?

வீட்ல கம்ப்யூட்டர் இருந்தா என்விடிஏங்கற (NVDA) சாஃப்ட்வேர போட்டு குடுங்க, காசு கிடையாது, 2006ல பார்வை இல்லாத ரெண்டு ஆஸ்திரேலியாகாரங்க ஆரம்பிச்சது, ஸ்கிரீன்ல இருக்கறத வாசிச்சு காட்டும், மலாயும் தமிழும் படிக்கும். குரல் முதல்ல ரோபோ மாதிரிதான் இருக்கும், ஒரு மாசம் பொறுத்துக்கச் சொல்லுங்க, நான் இந்த பதில அதுலதான் எழுதறேன். லீவுல பாகான் ஜெர்மால் ரோட்டுல பார்வை இல்லாதவங்களுக்கான செயின்ட் நிக்கலஸ் ஹோமுக்கு ஒரு தடவ கூட்டிட்டு போங்க, தன்ன மாதிரி பெரியவங்க வேலை செஞ்சு சம்பாதிச்சு நடமாடுறத அவன் நேர்ல பாக்கட்டும். கூடவே, கடைக்கு போயி ரொட்டி வாங்கிட்டு வர்றது, பஸ் நம்பர பக்கத்துல இருக்கவங்ககிட்ட கேட்டு ஏறுறது, இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. பயமாத்தான் இருக்கும், எங்கம்மா ஆயர் ஈத்தாம் பஸ் ஸ்டாப்ல என்னை ஏத்தி விட்டுட்டு அடுத்த பஸ்ல பின்னாடியே வந்தாங்கன்னு எனக்கு கல்யாணம் ஆன பிறகுதான் தெரியும்.

அவன் வாய் தொறக்க மாட்டேங்கிறான்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் அவனுக்காக பேசிட்டா அவன் எப்பம்மா பேசுறது? ஒரே ஒரு வாக்கியம் சொல்லி குடுங்க: "டீச்சர், எனக்கு இந்த எழுத்து தெரியல, பெருசாக்கி குடுங்க." வீட்ல பத்து தடவ சொல்ல வைங்க, டெஸ்ட் திரும்ப எடுக்கற அன்னைக்கு நீங்க கதவுக்கு வெளிய நில்லுங்க, அவனே உள்ள போயி கேக்கட்டும். புது ரிசல்ட்ல என்ன வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, முடிஞ்சா அவனையே எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா