மழையில் மறையும் படமும் மாதாந்தக் கட்டணமும்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் டிஷ் பூட்டினோம். வரி நீங்கலாக மாதம் 1,500 ரூபாய்ப் பொதி. நான் கொழுந்து பறிக்கப் போய்விடுவேன். மாமியார் இரண்டு நாடகங்கள் பார்ப்பார், மகனுக்குக் கிரிக்கெட். மழை இறங்கினால் படம் நின்றுவிடுகிறது. இணைப்பை வெட்டிவிடலாமா, சின்னப் பொதிக்கு மாறலாமா?

பதில்: வெட்ட வேண்டாம், குறையுங்கள். ஆனால் பொதியைக் குறைத்தால் பணம்தான் மிஞ்சும். மழைக் கோளாறு அப்படியே இருக்கும். அடைமழையில் செய்மதி அலையை நீர்த்துளிகள் உறிஞ்சிவிடுகின்றன. பெரிய பொதிக்கும் சின்னப் பொதிக்கும் அதே வானம்தான். வெறும் தூறலுக்கே படம் போகிறதென்றால் கோளாறு கூரையில் இருக்கிறது: காற்றில் டிஷ் அசைந்திருக்கலாம், வயர் இணைப்பில் நீர் இறங்கியிருக்கலாம், இரண்டு வருடத்தில் சவுக்கு மரக் கிளை வளர்ந்து மறைத்திருக்கலாம். முதலில் அதைச் சரிபாருங்கள்.

இனிப் பணம். 1,500 ரூபாயுடன் 18 வீதப் பெறுமதி சேர் வரி சேர்ந்தால் 1,770, வருடத்துக்கு 21,240. மகன் மாதத்தில் எத்தனை நாள் கிரிக்கெட் பார்க்கிறான் என்று இரண்டு வாரம் கலண்டரில் குறித்துப் பாருங்கள். தொடர் நடக்கும் மாதத்தில் மட்டும் பொதியைக் கூட்டிக்கொள்ள முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, முற்கொடுப்பனவு முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள். மாமியாரின் அலைவரிசை சின்னப் பொதியில் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் நாடகம் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும்!

ரூபவாஹினி, நேத்ரா, சக்தி, வசந்தம் எல்லாம் அன்டனாவில் இலவசம்தானே என்பார்கள். பிதுருதலாகல ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில்தான். ஆனால் நடுவில் ஒரு மலை நின்றால் பள்ளத்து லயத்துக்குப் படம் வராது. நம் பக்கத்தில் பலர் டிஷ் வாங்கியதே அதனால்தான். அயல்வீட்டு அன்டனாவை ஒரு நாள் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிறகு வெட்டுவதாக இருந்தாலும், பணம் கட்டாமல் விட்டால் இணைப்பு தானாக முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மாதாந்த பில் முறையில் நிலுவை ஏறக்கூடும். எழுத்தில் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் கடைசிப் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷுடன் வந்த பெட்டி யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். மூடிய பிறகும் பில் வந்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.