100-க்கு 87 என்றால் அது "மறைந்திருந்த மனச்சோர்வு" ஆகிவிடுமா?

ஆகாது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 'நரம்புத் தளர்ச்சி' (neurasthenia: அசதி, தலைவலி, தூக்கமின்மை போன்றவற்றுக்கு மருத்துவர்கள் வைத்த நோய்ப்பெயர்) என்று கண்டறியப்பட்ட 100 பேரில் 87 பேர் மனச்சோர்வு நோயின் வரையறைக்குள் வந்தார்கள் என்பது சரி. "அப்படியானால் சீனர்களுக்கு இருந்தது மனச்சோர்வுதான், பெயர்தான் தப்பு" என்று உங்கள் கட்டுரையில் நீங்கள் எழுதியிருப்பது அதிலிருந்து வராது.

சறுக்கல் எங்கே என்றால், அந்த ஆய்வைச் செய்த அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் 1980இல் கொண்டுபோன டிஎஸ்எம்-3ஐ (மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடு) நீங்கள் தராசாகவும், சீன வகைப்பாட்டைச் சரக்காகவும் வைத்துவிட்டீர்கள். ஒரு பண்பாட்டின் நோய்வகையை இன்னொன்றின்மேல் அப்படியே பொருத்துவது பிழை என்று 1977இலேயே எச்சரித்தவர் அவரேதான்.

திசையைத் திருப்பிப் பாருங்கள். ஹூனான் மருத்துவர் ஒருவர் அமெரிக்க மனச்சோர்வு நோயாளிகளைப் பார்க்கிறார் என்று வையுங்கள். தூக்கமில்லை, தலை வலிக்கிறது, உடம்பெல்லாம் அசதி, படித்தது மனதில் நிற்கவில்லை. அவர் ஏட்டில் பலரும் நரம்புத் தளர்ச்சிக்காரர்கள்தான். "அமெரிக்கர்களுக்கு உண்மையில் இருப்பது நரம்புத் தளர்ச்சி" என்று எழுதுவீர்களா? தயங்கினால், ஏன் தயங்குகிறீர்கள் என்பதுதான் உங்கள் கட்டுரையின் கேள்வி.

இத்தனைக்கும் அந்தப் பெயர் சீனாவில் பிறந்ததல்ல. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பியது. பிறந்த ஊரில் வழக்கொழிந்த பிறகும் சீனாவில் வாழ்ந்தது. கலாச்சாரப் புரட்சியின் காயம் ஆறாத நாட்களில் "மனம் சோர்ந்துவிட்டது" என்று சொன்னால் அரசியல் சந்தேகம் வரும். "நரம்பு தளர்ந்துவிட்டது" என்று சொன்னால் ஓய்வு கிடைக்கும். இந்தப் பகுதியை விரித்து எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதைப் பிடித்துக்கொண்டு "நோய்களெல்லாம் வெறும் பெயர்கள்" என்ற மறுகரைக்குப் போய்விடாதீர்கள். அந்த 87 பேரின் வலி நிஜம். இரண்டு வகைகளும் இவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் நீங்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும்.